பழையது

தென்னூர் நெடுஞ்சாலையில், நிமிர்ந்து பார்த்தால் மலைக்கோட்டை தெரியும் ஓரிடத்தில், செல்பேசிப் பழுது பார்க்கும் சிறு கடை ஒன்று உண்டு. உள்ளே இருவர் நின்றால் மூன்றாமவர் படியில்தான் நிற்க வேண்டும். அண்மையில் ஒரு மாலைப் பொழுதில், விரிசல் விட்ட கண்ணாடியை மாற்றுவதற்காக நாம் அந்தப் படியில் காத்து நின்றபோது, நம் தெருவில் வாழும் மூதாட்டி ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. தெரு முழுமைக்கும் அவர் 'டீச்சரம்மா'. கையில் ஒரு துணிப்பை. பைக்குள் தலையணை உறையில் பொதிந்த டேப்லெட் ஒன்று. வளைகுடா நாட்டில் பணிபுரியும் மகன் பல ஆண்டுகளுக்கு முன் பெற்றோருக்கு வாங்கித் தந்தது அது. எந்த நிறுவனத்தின் பொருள் என்பது இங்கு வேண்டா.

டீச்சரம்மாவின் கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர் இருந்த நாளில், செபமாலை முடிந்ததும் இரவு எட்டு மணிக்கு இருவரும் அந்தக் கருவியின் முன் அமர்ந்து மகனோடும் பேரப்பிள்ளைகளோடும் பேசுவது வழக்கம். அவர் போன பின்னும் அவ்வழக்கம் நிற்கவில்லை. ஆனால் இரண்டு வாரங்களாக மகனின் முகம் அதில் வரவில்லை.

கடையில் இருந்த இளைஞர் கருவியை வாங்கித் தட்டிப் பார்த்தார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. "டீச்சர், இதுல ஒரு கோளாறும் இல்லைங்க. கம்பெனிக்காரன் இந்த மாடலுக்கு அப்டேட் குடுக்கறத நிறுத்திட்டான். நீங்க பேசற அந்த ஆப் இனிமே இந்தப் பழைய சிஸ்டத்துல ஓடாது" என்றார்.

டீச்சரம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, வகுப்பில் கணக்குத் தவறாகப் போட்ட பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டார்: "கீழ விழல. தண்ணி படல. படம் பளிச்சுன்னு தெரியுது. கெட்டுப் போகாத ஒண்ணு எப்படி தம்பி பழசாகும்?"

இளைஞரிடம் விடை இல்லை. நம்மிடமும் இல்லை. ஆனால் அக்கேள்வி அன்று நம்மோடு வீடு வந்துவிட்டது. வாசக அன்பர்களோடு சேர்ந்து அதனைச் சற்றே எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

நம் மொழியில் 'பழையது' என்பது முதலில் ஓர் உணவின் பெயர். இரவு நீரூற்றி வைத்த சோற்றைக் காலையில் சின்ன வெங்காயத்தோடு உண்டு வயலுக்குப் போன தலைமுறையினர், அச்சொல்லில் இழிவு எதையும் கண்டதில்லை. பழையதாவது என்பது அன்று பொருளின் உள்ளே நிகழ்ந்த ஒன்று. துணி நைந்தது, குடைக் கம்பி வளைந்தது, பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் தேய்ந்தது. பார்த்த கண்ணுக்கே அது புரிந்தது. புரிந்ததால், ஈயம் பூசுபவரும் குடை தைப்பவரும் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வந்தனர். டீச்சரம்மாவின் கணவர் தம் வாழ்நாளெல்லாம் செய்த வேலையும் அதுவே அன்றோ? ஓடித் தேய்ந்த எஞ்சினும் பெட்டியும் பொன்மலைக்கு வரும். பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் பூட்டி அனுப்புவார்கள். நீலகிரி மலை ரயிலுக்கு வேண்டிய நீராவி எஞ்சினை இந்த நூற்றாண்டிலும் புதிதாகவே செய்து கொடுத்த பணிமனை அது. அத்தகைய ஒருவர் வாழ்ந்த வீட்டில்தான், சிறு தேய்மானமும் இல்லாத ஒரு பொருள் ஒரு நாள் காலையில் 'பழையது' ஆகியிருக்கிறது.

இதனை ஆராய ஒரு நிறுவனத்தின் கருவிகளை வரிசையாக வைத்துப் பார்ப்பது நலம். ஆப்பிள் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கருவியையும் அதனை இயக்கும் மென்பொருளையும் அந்நிறுவனமே உருவாக்குகிறது; ஏறக்குறைய ஆண்டுக்கொரு தலைமுறை வெளிவருகிறது; ஒவ்வொன்றின் பிறப்பும் ஓய்வும் உலகறிந்த செய்தி. ஆதலின் கணக்குப் பார்க்க எளிது. நம் வாசகர் பலர் அதன் கருவியை வாங்காதவராக இருக்கலாம். ஆயினும் அவற்றுள் பல இன்று நம் மாநிலத்திலேயே பொருத்தப்படுகின்றன என்பதால், அது நமக்கு அயலார் கதை அன்று.

முதல் ஐபோன் 2007இல் வந்தது. மூன்றரை அங்குலத் திரை. பிறர் எழுதிய செயலிகளைப் பெறும் கடை அதில் இல்லை. அது மறு ஆண்டில்தான் வந்தது. 2009இல் வந்த 3ஜிஎஸ் திரையில் உள்ளதை வாய்விட்டு வாசித்துக் காட்டியது. பார்வையற்றோர் தொடுதிரையைப் பிறர் துணையின்றிப் பயன்படுத்த அது வழி செய்தது. 2010இல் நுண்மையான திரையும் முன்பக்கக் கேமராவும் வந்தன. 2013இல் விரல்ரேகை, 2017இல் முகம் அறியும் வசதி, 2020இல் ஐந்தாம் தலைமுறை அலைவரிசை. இவ்வாறு முதல் ஐந்தாறு தலைமுறைகளில் ஒவ்வொன்றும் முன்னதினின்று பெரிதும் வேறுபட்டு நின்றது. இன்று அடுத்தடுத்த இரு தலைமுறைக் கருவிகளை அருகருகே வைத்து, வாங்கியவரிடமே எது எது என்று கேட்டால், திருப்பிப் பார்த்துக் கேமராவின் அமைப்பைக் கொண்டுதான் சொல்வார் என்று நினைக்கிறோம். வளரும் பிள்ளைக்கு ஆறு வயதிலும் ஏழு வயதிலும் எடுத்த படங்களுக்கு வேற்றுமை தெரியும். நாற்பதிலும் நாற்பத்தொன்றிலும் எடுத்தவற்றுக்கு என்ன தெரியும்? அது குறையன்று, முதிர்ச்சி. ஆனால் முதிர்ந்த பொருளுக்கும் ஆண்டுதோறும் பிறந்தநாள் கொண்டாடியாக வேண்டும் என்பது வணிகத்தின் நெருக்கடி.

பலகைக் கருவியான ஐபேடின் வரலாறு இன்னும் வியப்பானது. 2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த முதல் ஐபேடில் கேமராவே இல்லை. 2012இல் வந்த புதிய இயங்குதளம் அதற்கு மறுக்கப்பட்டது. இரண்டரை ஆண்டுக்குள் அது ஒதுங்கிவிட்டது. 2011இல் வந்த இரண்டாவதோ நெடுநாள் வாழ்ந்தது: 2014 மார்ச் வரை கடைகளில் விற்கப்பட்டது, 2015இல் வந்த இயங்குதளத்தையும் பெற்றது. மூன்றாவது 2012 மார்ச்சில் கூர்மையான திரையோடு பெரும் ஆரவாரத்துக்கிடையே வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நான்காவது அறிவிக்கப்பட, மூன்றாவது விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஏழே மாதங்கள்! அண்ணன் கடையில் இருக்க, தம்பி போய்ச் சேர்ந்தான். அந்த ஆண்டு செப்டம்பரில், சேமித்த பணத்தைக் கொண்டுபோய் மூன்றாம் ஐபேடை வாங்கிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் கையில் இருந்த கருவிக்கு ஒரு கேடும் வரவில்லை. நேற்று எவ்வளவு விரைவாக இயங்கியதோ இன்றும் அவ்வளவே. ஆயினும் தாம் ஏமாற்றப்பட்டதாக அவர் உணர்ந்தால், அவ்வுணர்வு நியாயமானதா?

இக்கேள்வி மிகப் பழமையானது. அதனை நம் முன்னோர் தானியத்தைக் கொண்டு கேட்டனர். கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ, கடமைகளைப் பற்றிய தம் நூலில் ஒரு வணிகனின் நிலையை முன்வைக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து கப்பல் நிறையத் தானியத்தோடு ஒருவன் வருகிறான். பின்னால் பல கப்பல்கள் தானியத்தோடு வந்துகொண்டிருப்பதை அவன் கண்டிருக்கிறான். அதைத் தீவு மக்களுக்குச் சொன்னால் விலை இறங்கும். சொல்லாவிட்டால் அவன் கேட்ட விலை கிடைக்கும். அவன் சொல்லக் கடமைப்பட்டவனா? அறிஞர் இருவர் இதில் முரண்பட்டனர் என்று சிசரோ காட்டுகிறார். பொருளின் குறையைச் சொன்னால் போதும், வரப்போவதைச் சொல்ல வேண்டியதில்லை என்பது ஒருவர் கட்சி. மனிதர் ஒருவருக்கொருவர் உறவினர் ஆதலால் எதையும் மறைத்தல் தகாது என்பது மற்றவர் கட்சி. மறைக்கலாகாது என்பதே சிசரோவின் தீர்ப்பு.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் தம் 'இறையியல் தொகுப்பு' நூலில், வாங்கல் விற்றலில் நிகழும் வஞ்சகத்தைப் பற்றிப் பேசுமிடத்தில், இதே தானிய வணிகனை எடுத்துக்கொள்கிறார். நாம் முதன்முறை படித்தபோது அவர் கடுமையாகத் தீர்ப்பளிப்பார் என்றே எதிர்பார்த்தோம். அவரோ வேறுவிதமாகப் பிரிக்கிறார். விற்கும் பொருளிலேயே வெளியில் தெரியாத குறை இருந்து, அதனால் வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ நேரும் என்றால், விற்பவன் அதைச் சொல்லியே தீர வேண்டும், சொல்லாவிடில் அநீதி. பின்னால் வரும் கப்பல்களைப் பற்றிச் சொல்லாதிருப்பதோ நீதிக்கு மாறானதாகத் தோன்றவில்லை. எனினும் சொல்லுவானாயின், அல்லது விலையைக் குறைப்பானாயின், அவனிடம் நற்பண்பு மிகுதியாக விளங்கும். நீதி கோரும் எல்லை ஒன்று, அன்பு கோரும் எல்லை மற்றொன்று என்று அவர் கோடு கிழிக்கிறார்.

இந்தக் கோட்டின்படி பார்த்தால், 2012 செப்டம்பரில் மூன்றாம் ஐபேடை விற்றவர் மேல் அநீதிக் குற்றம் சாட்ட முடியாது. பின்னால் கப்பல் வருகிறது என்பதை அவர் சொல்லவில்லை, அவ்வளவே. நமக்கு இது முழு மனநிறைவைத் தரவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ரோட்ஸ் தீவு வணிகன் பின்னால் வரும் கப்பல்களைக் கடலில் கண்டவன் மட்டுமே. இங்கோ முன்னால் வரும் கப்பலும் பின்னால் வரும் கப்பலும் ஒருவருக்கே சொந்தம்; எது எப்போது கரை சேர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவரும் அவரே. புனித தோமா இந்த நிலையைக் கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்? அறிய ஆவலுடையோம், அவர் சார்பில் விடை எழுதும் துணிவு நமக்கில்லை.

ஆனால் மற்றொரு நிகழ்ச்சி உண்டு. அதில் ஐயத்துக்கு இடம் குறைவு. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் அனுப்பிய ஒரு மென்பொருள் மாற்றம், ஐபோன் 6, 6எஸ், எஸ்இ ஆகிய கருவிகளில் பேட்டரி முதுமையடைந்திருந்தால் கருவியின் வேகத்தைச் சில வேளைகளில் குறைத்தது. பின்னர் ஐபோன் 7க்கும் அது நீட்டிக்கப்பட்டது. வைத்திருந்தவர்களுக்கு இது தெளிவாகச் சொல்லப்படவில்லை. தம் கருவி மந்தமாகிவிட்டதை உணர்ந்தவர்கள், அதற்கு வயதாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கப் போனார்கள். பேட்டரியை மாற்றியதும் பழைய வேகம் திரும்பியதைக் கண்ட சிலர் அதை வெளியிட, அளவீடுகளும் அதை உறுதி செய்ய, அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனம் உண்மையை ஒப்புக்கொண்டது, மன்னிப்பும் கேட்டது. 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றுக் கட்டணத்தை 2018 முழுவதும் 29 டாலராகக் குறைத்தது. பேட்டரியின் உடல்நிலையைப் பயனரே பார்க்கும் வசதியையும் அவ்வாண்டில் சேர்த்தது.

நிறுவனத்தின் விளக்கத்தையும் நேர்மையோடு கேட்க வேண்டும். முதிர்ந்த பேட்டரியால் திடீரென்று மிகுதியான மின்சாரத்தைக் கொடுக்க இயலாது. அவ்வேளையில் கருவி சட்டென்று அணைந்துவிடும். அதைத் தடுக்கவே வேகத்தைக் குறைத்தோம் என்றனர். பொறியியல் நோக்கில் இது ஏற்கத்தக்க விளக்கமே. வயதான காளையை மேட்டில் ஓட்டும்போது பாரத்தைக் குறைப்பவனை யாரும் கொடியவன் என்னமாட்டார்கள். அங்ஙனமாயின் பிழை எங்கே? பிரான்ஸ் நாட்டின் நுகர்வோர் காப்புத் துறை அதைச் சரியாகவே சுட்டியது. 2020இல் அது விதித்த 25 மில்லியன் யூரோ தண்டத்துக்குக் காரணம், பயனர்களுக்குத் தெரிவிக்காமல் விட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் 500 மில்லியன் டாலர் வரை தர நிறுவனம் உடன்பட்டு வழக்கை முடித்துக்கொண்டது. தவறு செய்ததாக அங்கு அது ஒப்பவில்லை.

நன்மை கருதிச் சொல்லாமல் விடுவது நம் இல்லங்களிலும் உண்டு. நோயின் பெயரைத் தாயிடம் மறைக்கிறோம். கடனின் அளவை மகளிடம் மறைக்கிறோம். அவ்வாறு மறைத்தவர் எவரும் தம்மைப் பொய்யர் என்று கருதுவதில்லை. ஆனால் ஒரு சோதனை இருக்கிறது: மறைத்ததனால் பயன் யாருக்கு? தாயிடம் மறைத்த மகனுக்கு அதனால் வருவாய் இல்லை. இங்கோ, சில ஆயிரம் ரூபாயில் ஒரு பேட்டரியை மாற்றினால் தீரும் குறை, பல்லாயிரம் ரூபாய்க்குப் புதுக் கருவி வாங்குவதாக முடிந்தது. அந்தப் பணம் மறைத்தவரிடமே போய்ச் சேர்ந்தது. நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். எனினும் நல்ல நோக்கமும் வருவாயும் ஒரே திசையில் நடக்கும்போது மனச்சான்று இருமுறை விழித்துப் பார்க்க வேண்டும். 2019 ஜனவரியில் நிறுவனத்தின் தலைவர் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய மடலில், ஐபோன் விற்பனை எதிர்பார்த்ததை விடக் குறைந்ததற்கு அவர் சொன்ன காரணங்களுள், பலர் குறைந்த கட்டணத்தில் பேட்டரியை மாற்றிக்கொண்டதும் ஒன்று. அதாவது, உண்மை தெரிந்ததும் மக்கள் பழையதையே வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் புதிய கருவி தேவைப்படவில்லை. தங்கள் கருவிக்கு என்ன ஆயிற்று என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

ஒருபுறம் சாய்ந்து பேசுகிறோம் என்று அன்பர்கள் எண்ணலாகாது. அதே நிறுவனம் 2013இல் விற்ற ஐபோன் 5எஸ் கருவிக்கு 2023 ஜனவரியில்கூடப் பாதுகாப்புத் திருத்தம் ஒன்றை அனுப்பியது. பத்தாண்டு என்பது இத்துறையில் நீண்ட காலம். அவ்வளவு நாள் நினைவில் வைத்திருக்கும் நிறுவனங்கள் மிகச் சிலவே. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கருவி பழையதாவதில் பெரும்பகுதி, தொழிற்சாலையிலும் இல்லை, மென்பொருளிலும் இல்லை. அடுத்த வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. பங்கு விழாவில் அவர் புதியதை எடுத்துப் படம் பிடிக்கும்போது, நம் சட்டைப் பையில் இருப்பது அந்தக் கணமே மங்குகிறது. அதற்கு எந்த நாடும் தண்டம் விதிக்க முடியாது. இவ்வரிகளை எழுதும் நாமும், பழுதில்லாத ஒரு கருவியை 'மெதுவாக இருக்கிறது' என்று சொல்லி மாற்றியவர்களே. மெதுவாக இருந்தது கருவியா, நம் பொறுமையா என்று அன்று நாம் அளந்து பார்க்கவில்லை.

தலைமுறை தலைமுறையாகக் கருவிகளை ஒப்பிடுவோர் திரை, கேமரா, வேகம், விலை என்று நான்கைந்து கட்டங்கள் போட்டு நிரப்புகிறார்கள். அக்கட்டங்களில் இடம்பெறாத ஒன்றைப் பற்றியும் எண்ண வேண்டும்.

திருப்பெரும்புதூரில் 2006இல் நோக்கியா தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. நகத்தால் மூடியைத் தள்ளிப் பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய கருவிகளின் காலம் அது. இருட்டில் டார்ச் அடிக்கும் அச்சிறு கருவியை நம் கொல்லர் தெரு முதல் கொள்ளிடக் கரை வரை கையாளாதவர் குறைவு. 2014 நவம்பரில் அத்தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. பணியாற்றிய ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். உலகின் முதன்மை நிறுவனமாக இருந்ததும் பழையதாகிவிட்டது. பின்னர் அதே வட்டாரத்தில் தாய்வான் நாட்டு ஃபாக்ஸ்கான் நிறுவனம் 2019 முதல் ஐபோன்களைப் பொருத்தி வருகிறது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து இளம்பெண்கள் அங்குப் போய் விடுதிகளில் தங்கி வேலை செய்கின்றனர். 2021 டிசம்பரில் ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர்க்கு என்ன ஆயிற்று என்று தெரியாத பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் சில தன் விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே கண்டு, அத்தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது.

அங்கு உழைப்பு நின்றால் அப்பிள்ளைகள் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே 'வாங்காதீர்கள்' என்று எளிதாகச் சொல்லிவிட நம்மால் இயலவில்லை. ஆனால் ஓராண்டில் ஒதுக்கி வைக்கும் பொருளுக்கும் ஆறாண்டு பயன்படுத்தும் பொருளுக்கும் அந்தப் பெண் நின்ற நேரம் ஒன்றே, குனிந்த குனிவும் ஒன்றே. ஒதுக்கியதன் முடிவும் எங்கோ ஒரு குப்பைமேட்டில்தான். 2022ஆம் ஆண்டில் உலகம் ஒதுக்கிய மின்னணுக் கழிவு 62 மில்லியன் டன். அதில் கால்பங்குக்கும் குறைவானதே முறைப்படி சேகரிக்கப்பட்டது என்று ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை சொல்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில், பொருளைத் தூக்கியெறியும் பழக்கத்தையும் மனிதரை ஒதுக்கித் தள்ளும் பழக்கத்தையும் இணைத்தே பேசியது இங்கு நினைவுக்கு வருகிறது.

புதுமை வேண்டாமோ எனில், வேண்டும். நம் மொழியே அதற்குச் சான்று. திருச்சிக்கு அருகில் ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், எகர ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் பிரித்தறிய வடிவம் வகுத்தார். 1978இல் தமிழ்நாடு அரசு, பெரியார் முன்னரே கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. கொம்பு வைத்த ணையும் லையும் நேராயின. அதற்கு முன் அச்சான செபப் புத்தகம் நம் வீட்டில் இருக்கிறது. இன்றைய பள்ளிப் பிள்ளை அதைத் திறந்தால் முதல் பக்கத்தில் இரண்டு இடங்களில் தடுக்கிப் பின் தடையின்றி வாசித்துப் போகும். பழைய எழுத்தில் பயின்ற பாட்டியும் இவ்விதழை வாசிக்கிறார். புதியது வந்தது, பழையதைப் படிக்க முடியாமல் ஒருவரும் வெளியே நிறுத்தப்படவில்லை. டீச்சரம்மாவின் கருவிக்கு மறுக்கப்பட்டது அதுதான்.

எல்லாக் கருவிக்கும் என்றென்றும் துணை நிற்க எந்த நிறுவனத்தாலும் முடியாது; அதைக் கேட்பதும் முறையன்று. எத்தனை ஆண்டு நிற்போம் என்பதை விற்கும்போதே சொல்லலாம் அல்லவா? புனித தோமாவின் கோட்டில், இது பின்னால் வரும் கப்பலைப் பற்றிய செய்தியா, பொருளுக்குள் இருக்கும் குறையா? பொருளுக்குள் இருப்பது என்றே நாம் கருதுகிறோம். வாங்கும்போதே அதன் முடிவு நாள் அதற்குள் இருக்கிறது. விற்பவருக்கு அதை நிர்ணயிக்கும் உரிமை இருக்கிறது. வாங்குபவர் கண்ணுக்கோ தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் இதைச் சட்டமாக்கியிருக்கிறது: விற்பனை நின்ற பின்னும் குறைந்தது ஐந்தாண்டு இயங்குதளத் திருத்தம் தர வேண்டும், உதிரிப் பாகங்கள் ஏழாண்டு கிடைக்க வேண்டும், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதை அட்டையில் அச்சிட வேண்டும். நம் நாட்டிலும் பழுது பார்க்கும் உரிமைக்கென நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு ஒன்றை அமைத்து, அவ்வாண்டு இறுதியில் ஓர் இணையவாசலையும் திறந்தது. தென்னூர்க் கடையின் படிவரை அதன் பயன் வந்து சேர இன்னும் நாள் ஆகும் போலும்.

அந்தக் கடைக்குத் திரும்புவோம். ஒலி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, இளைஞர் டேப்லெட்டில் கைக்கு அகப்பட்ட ஒரு பதிவைத் தட்டினார். ஆண் குரல் ஒன்று, ஞாயிறு முதல் வாசகத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தது. பொன்மலைக்காரர் கோவிலில் வாசிக்க வேண்டிய நாள்களில், முதல் நாள் இரவே வீட்டில் வாசித்துப் பழகுவாராம். பிழை திருத்துவதற்காக டீச்சரம்மா அதைப் பதிவு செய்து வைத்திருந்தார். இளைஞர் அதனை நிறுத்தப் போனார். "இருக்கட்டும் தம்பி, முடியட்டும்" என்றார் அவர். சாலையில் பேருந்து போய்க்கொண்டிருந்தது. நாமும் படியில் நின்று கேட்டோம்.

பிறகு அவர் துணிப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். பேரன் ஆள் வசம் அனுப்பிய புதிய டேப்லெட், இன்னும் பிரிக்கவில்லை. இளைஞர் உறையைக் கிழித்து, கருவியை இயக்கி, மகனின் எண்ணைச் சேர்த்துக் கொடுத்தார். அழைத்ததும் முகம் வந்தது. இரண்டு நிமிடம் பேசி வைத்தார்கள். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, "ஒண்ணும் ரிப்பேர் பாக்கலியே டீச்சர்" என்றார் இளைஞர்.

டீச்சரம்மா பழையதைத் தலையணை உறையில் சுற்றினார். புதியதைப் பெட்டியில் வைத்தார். வைத்தவர், பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது எத்தனை வருஷத்துக்குத் தம்பி?"

இளைஞர் பெட்டியை வாங்கி, நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அடியிலும் பார்த்தார். "போடலைங்க டீச்சர்" என்றார்.